உங்க குரலுக்கு எந்த ஊரு?

மல்லாட்டை.

இந்த வார்த்தையைப் படிச்ச அடுத்த நொடி உங்க முகத்துல என்ன நடந்துச்சு? ‘அட, நம்ம ஊரு!’ன்னு ஒரு சந்தோஷமா? ‘அப்படின்னா என்ன?’ங்கிற முழியா? இல்ல, உதட்டோரமா ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துச்சா? மூணாவது ரகம்னா, இந்த வாரக் கச்சேரி உங்களுக்காகத்தான்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். மல்லாட்டைன்னா நிலக்கடலை. மணிலாவோட பேரை ஒட்டி மணிலாக்கொட்டை. அது வாயில உருண்டு உருண்டு மல்லாக்கொட்டை, மல்லாட்டை ஆயிடுச்சு. சென்னைக்காரங்களுக்கு அது வேர்க்கடலை, தெற்கே கடலை, கொங்குப் பக்கம் கடலைக்காய். ஒரே செடி, ஒரே கொட்டை. ஆனா ‘வேர்க்கடலை’ன்னு சொன்னா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. கிளாஸ்ல எழுந்து ‘மல்லாட்டை’ன்னு சொன்னா, கடைசி பெஞ்சுல இருந்து ஒரு ‘கெக்கே’ கிளம்பும்.

இத்தனைக்கும் விருத்தாசலத்துல வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையமே இருக்கு. புது நிலக்கடலை ரகங்களை உருவாக்கிக் கொடுக்குறாங்க. அந்த ரகங்களை விதைச்சு, களை எடுத்து, பிடுங்கி, வெயில்ல குந்தி ஆய்ஞ்சு நமக்கு அனுப்புற ஜனங்க வாயில அது மல்லாட்டைதான். பயிரும் அவங்களோடது, பேரும் அவங்களோடது. சிரிப்பு மட்டும் நம்மளோடது!

சரி, விஷயத்துக்கு வருவோம். கடலூர்க்கார ஃபிரெண்டு யாராவது இருந்தா, ‘உங்க ஊரு ஸ்லாங் எப்படிடா இருக்கும்?’னு கேட்டுப் பாருங்க. பத்துக்கு ஒன்பது பேர் சொல்ற பதில் இதுதான்: ‘எங்களுக்கெல்லாம் ஸ்லாங்கே கெடையாது மச்சி. நாங்க நார்மலாத்தான் பேசுவோம்.’ சொல்லி வாய் மூடறதுக்குள்ள அதே ஆளு, ‘சரி, நான் வூட்டுக்குப் போய் ஆயாவைப் பார்த்துட்டு வந்துர்றேன், நீ இங்கயே குந்து’ன்னு கிளம்புவான். வூடு, ஆயா, குந்து. ஒரே வாக்கியத்துல மூணு அடையாள அட்டை. ஆனா அவனுக்கு அது நார்மல்!

ஏன் இப்படி? என்னைக் கேட்டா பாதிப் பழியை சினிமா மேல போடுவேன். ஒரு ஊர்ப் பேச்சு ‘ஸ்லாங்’னு நமக்குத் தெரியணும்னா, அதை முதல்ல சினிமாக்காரங்க நமக்குக் காட்டியிருக்கணும். ‘ஏனுங்’னா கோயமுத்தூர், மரியாதை, கோவை சரளா. ‘அங்கிட்டு இங்கிட்டு’ன்னா மதுரை, கூடவே ஒரு அரிவாள். ‘ஏலே’ன்னா திருநெல்வேலி, அங்கயும் அரிவாள், ஆனா கொஞ்சம் நீளமா இருக்கும். ‘இன்னாபா’ன்னா சென்னை, லுங்கி, காமெடி. இப்படி ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வேஷம் கட்டி, நம்ம காதுக்கு டிரெயினிங் கொடுத்துட்டாங்க. கடலூருக்கு வேஷம் கிடைக்கல. அதனால தனக்கு ஸ்லாங்கே இல்லைன்னு கடலூர் நம்பிடுச்சு.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. ‘சகோதரி’ (1959) படத்துல மெட்ராஸ் பாஷை பேசி ஊரையே சிரிக்க வெச்ச சந்திரபாபு, பிறந்தது தூத்துக்குடியில. ‘பொம்மலாட்டம்’ (1968) படத்துல அதே மெட்ராஸ் பாஷையில பாடி அசத்தின மனோரமா, மன்னார்குடியில பிறந்து செட்டிநாட்டுப் பள்ளத்தூர்ல வளர்ந்தவங்க. நாம ‘ஒரிஜினல் மெட்ராஸ்’னு நினைச்சு ரசிச்சதுல பாதி, வெளியூர்க்காரங்க காதுல விழுந்த மெட்ராஸ்!

கடலூருக்கு ஸ்லாங் இல்லைங்கிற கதை எவ்வளவு பொய்னு தெரியணுமா? ஒரு நாள் லீவு போட்டுட்டு புதுச்சேரியில பஸ் ஏறுங்க. தெற்கால வாங்க. காதுல ஹெட்செட் வேணாம், ப்ளீஸ்.

புதுச்சேரியில ஏறுற ஆளு போன்ல ‘வந்துகினே இருக்கேன்’பார். தென்பெண்ணையைத் தாண்டி கடலூர் வந்ததும் அந்தக் ‘கினு’வோட ‘கிட்டு’வும் கலக்க ஆரம்பிக்கும். துறைமுகப் பக்கம் ஏறுற மீன்கார அக்காக்கள் குரல் தனி. காத்தோடயும் அலையோடயும் போட்டி போட்டுப் பழகின குரல், பஸ்ஸுக்குள்ள வந்தாலும் இறங்காது. ‘ஏன் இப்படிக் கத்துறாங்க?’ன்னு முகம் சுளிக்கிற ஏ.சி. ரூம் பார்ட்டிங்க, ஒரு நாள் படகுல நின்னு பக்கத்துப் படகுக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கணும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டினா பரங்கிப்பேட்டைக்குப் பிரியற ரோடு. அங்க ஏறுற குடும்பத்துல உம்மா, வாப்பா, லாத்தா. அப்புறம் வெள்ளாறு, அப்புறம் சிதம்பரம். இன்னும் கொஞ்சம் போய்க் கொள்ளிடத்தைத் தாண்டிட்டீங்கன்னா, அது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. ஒரு பகல் பொழுதுல, ஒரு பஸ் டிக்கெட்டுல இத்தனை தமிழ்.

இது இன்னிக்கு நேத்திக்கு வந்த கோடும் இல்ல. தேவாரத் தலங்களைப் பழைய காலத்துல நாடு நாடாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. கடலூர்ல இருக்கிற திருப்பாதிரிப்புலியூர், ‘நடுநாட்டு’த் தலங்கள் 22ல ஒண்ணு. 50 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற சிதம்பரம், ‘சோழநாட்டு’க் கணக்குல காவிரிக்கு வடகரையில முதல் தலம். இன்னிக்கு ரெண்டும் ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர். ஆனா நாக்குக்கு மாவட்ட எல்லை எல்லாம் தெரியாது.

இன்னொரு ஆச்சரியம். தமிழ்ச் சிறுகதையில ஊர்ப் பேச்சைத் துணிச்சலாக் கொண்டு வந்த ரெண்டு பெரிய கைகள் பிறந்தது கடலூர்லதான். புதுமைப்பித்தன் 1906ல திருப்பாதிரிப்புலியூர்ல பிறந்தார். (அவரோட நிஜப் பேரு விருத்தாசலம், கவனிச்சீங்களா?) ஆனா அவர் கதைகள்ல கேட்கிறது திருநெல்வேலிப் பேச்சு, அவர் குடும்பத்தோட மண். ஜெயகாந்தன் 1934ல மஞ்சக்குப்பத்துல பிறந்தார். அவர் காகிதத்துல ஏத்தினது சென்னைச் சேரிகளோட பேச்சு. ‘இதெல்லாம் எழுதற பாஷையா?’ன்னு மூக்கைச் சுளிச்சவங்க அன்னிக்கும் உண்டு. 2002க்கான ஞானபீட விருது அவருக்குப் போச்சு. ரெண்டு பேரும் பிறந்த மண்ணு ஒண்ணு, பேர் வாங்கிக் கொடுத்த பேச்சு வேற வேற மண்ணு.

அப்போ கடலூர்ப் பக்கத்துப் பேச்சை யாருதான் எழுதினது? விருத்தாசலம் பக்கம் மணக்கொல்லையில இருந்து ஒருத்தர் வந்தார். அரசு பஸ் டிப்போவுல மெக்கானிக். பேரு கண்மணி குணசேகரன். ‘அஞ்சலை’ நாவல்ல முந்திரிக்காட்டு ஜனங்களை அவங்க வாயாலயே பேச விட்டவர், அதோட நிக்காம ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ன்னு ஒரு அகராதியே போட்டுட்டார். கரிசல் மண்ணுக்கு கி.ராஜநாராயணன் போட்டார், கொங்குக்கு பெருமாள்முருகன் போட்டார், நடுநாட்டுக்கு இவர். யோசிச்சுப் பாருங்க. பகல் முழுக்க ஸ்பானரும் கிரீஸுமா இருக்கிற மனுஷன், பெரிய பெரிய பட்டம் வாங்கினவங்க ‘கொச்சை’ன்னு தள்ளின சொற்களை ஒண்ணொண்ணா எடுத்துத் தூசி தட்டி, அர்த்தம் எழுதி அடுக்கி வெச்சிருக்கார். அதே மாவட்டத்துக் கழுதூர்க்காரர் இமையம். ‘கோவேறு கழுதைகள்’ 1994ல வந்துச்சு, 2020க்கான சாகித்ய அகாடமி விருது ‘செல்லாத பணம்’ நாவலுக்காக அவருக்குக் கிடைச்சுது. சினிமாவுல பண்ருட்டிப் பக்கத்துப் பத்திரக்கோட்டைக்காரர் தங்கர் பச்சான், ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ (2007) எடுத்தார். அதுல அந்த ஊரு பெரியவரா வந்து பேசினது யாரு தெரியுமா? கோயமுத்தூர் சத்யராஜ்! வேற ஊர்ப் பேச்சைக் கேலி பண்ணாம, உள்வாங்கிப் பேசவும் முடியும்னு அந்தப் படத்தைப் பார்த்தா புரியும்.

இப்போ காம்பஸுக்கு வருவோம். எந்த காம்பஸுன்னு கேட்டா, அண்ணாமலை நகரை விட்டா வேற எது? 1929ல தொடங்கின அண்ணாமலைப் பல்கலைக்கழகம், ஆரம்பத்துல இருந்தே மாணவர்கள் தங்கிப் படிக்கிற இடம். என்ஜினீயரிங், மெடிக்கல், அக்ரி, இசைன்னு எல்லாத்துக்கும் எல்லா ஊர்ல இருந்தும் வந்து இறங்குவாங்க. நாகர்கோவில் பையன் மெஸ்ல ‘வெள்ளம் எங்க இருக்கு?’ம்பான். தர்மபுரிப் பையன் ‘மழைக்காலத்துல வருமே, அதுவா?’ன்னு பயந்துடுவான். தண்ணியைக் கேட்டானாம்! முதல் மாசம் முழுக்க ஹாஸ்டல்ல இந்தக் கூத்துதான். ரெண்டாவது மாசம் பட்டப்பேரு வரும். ‘என்னல’, ‘ஏனுங்’, ‘வந்தாய்ங்க’, ‘நெம்ப’. சில பேருக்கு அந்தப் பட்டப்பேரு கான்வகேஷன் வரைக்கும், ஏன், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வர்றவரைக்கும் கூடவே வரும். நிஜப் பேரு மறந்துபோகும்.

இந்தக் கூத்துக்கு நடுவுல, அதே வளாகத்துல, இதே பேச்சுக்களை நோட்டுப் புத்தகத்தோட உட்கார்ந்து கவனிச்சவங்களும் இருந்திருக்காங்க. அங்க இருக்கிற மொழியியல் துறை இந்தியாவுலயே பேர் பெற்றது. தெ.பொ.மீனாட்சிசுந்தரனார், ச.அகத்தியலிங்கம் மாதிரியான ஜாம்பவான்கள் இருந்த இடம். 1960களில் மு.சண்முகம் பிள்ளை, பேச்சுத் தமிழைச் சொல்லிக் கொடுக்கிறதுக்குன்னே பாடப்புத்தகம் எழுதினார். அது வரைக்கும் ‘தமிழ் இலக்கணம்’னா எழுத்துத் தமிழுக்குத்தான்னு நினைச்சிருந்த காலம். இன்னொரு காரியமும் செஞ்சார். உறவுமுறைச் சொற்களை எடுத்துக்கிட்டு, அவை ஊருக்கு ஊர் மட்டுமில்ல, சாதிக்குச் சாதியும் எப்படி மாறுதுன்னு 1965ல ஒரு கட்டுரை எழுதினார்.

அதைப் படிச்சா காம்பஸ்ல அடிக்கடி நடக்கிற ஒரு விஷயம் உறைக்கும். ‘நீ எந்த ஊருப்பா?’ சரி, ஊரைச் சொல்லியாச்சு. ‘அங்க எந்தப் பக்கம்?’ அதையும் சொல்லியாச்சு. ‘வீட்ல அப்பாவை எப்படிக் கூப்பிடுவீங்க? அத்தானா, மச்சானா?’ கேட்கிறவருக்குத் தெரிய வேண்டியது ஊரில்ல பாஸ். நேரடியாக் கேட்டா அசிங்கம்னு சுத்தி வளைக்கிறார். பேச்சை வெச்சு ஒரு ஆளோட ‘விலாசத்தை’க் கண்டுபிடிக்கிற இந்த விளையாட்டு பயங்கரமானது. அதுக்குப் பயந்தே வீட்ல ஒரு தமிழ், காம்பஸ்ல ஒரு தமிழ்னு ரெண்டு நாக்கோட திரியற பசங்க நம்மகூட நிறைய பேர் இருக்காங்க. அவங்க ‘சுத்தமா’ பேசறதுக்குப் பின்னால எவ்வளவு ஜாக்கிரதை இருக்குன்னு நமக்குத் தெரியறதே இல்ல.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு கதை சொல்றேன். எந்தக் காலேஜுன்னு வேணாம். ராமநாதபுரம் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். பிசிக்ஸ் படிக்க வந்தா. முதல் செமினார். பெரியவங்களைப் பத்திப் பேசறப்போ அவங்க ஊர்ல ‘வந்தாக, சொன்னாக’ன்னுதான் சொல்வாங்க. இவ நியூட்டனோட மூணாம் விதியை போர்டுல எழுதிட்டு, திரும்பி நின்னு, ‘இதை நியூட்டன் சொன்னாக’ன்னா. கிளாஸே இடிஞ்சு விழுந்துச்சு. அவ்வளவுதான், அன்னியில இருந்து அவ பேரு ‘நியூட்டன் சொன்னாக’.

என்னைக் கேட்டா நியூட்டனுக்கு அதைவிட நல்ல மரியாதை யாரும் செஞ்சிருக்க முடியாது. ஆனா அவளுக்கு அது புரியற வயசா அது? மூணு வருஷம் கிளாஸ்ல வாயைத் திறந்து ஒரு சந்தேகம் கேட்கல. செமினார் வந்தா பேப்பர் இவ எழுதுவா, படிக்கிறது பக்கத்து சீட்டுப் பொண்ணு. எழுத்துத் தேர்வுல எல்லாம் நல்ல மார்க். வைவாவுல மட்டும் தடுமாறுவா. பதில் தெரியும். வாய்க்கு வர்றதுக்குள்ள ஒவ்வொரு வார்த்தையையும் சோதனை போட்டு அனுப்புறா, அதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துடுது. ‘பொண்ணு புத்திசாலி, ஆனா கான்ஃபிடன்ஸ் இல்ல’ன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. கான்ஃபிடன்ஸ் எந்த நிமிஷத்துல தொலைஞ்சதுன்னு யாரும் கேட்கல. இதுல கொடுமை, அன்னிக்குச் சத்தமாச் சிரிச்சவங்கள்ல ரெண்டு பேர் அவ மாவட்டத்துக்காரங்களே!

இந்தக் கடைசி விஷயம் ரொம்ப நாளா என்னைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டு சொந்த ஊர்க்காரன் ஏன் சிரிக்கிறான்? பதில் கனடாவுல கிடைச்சுது. மாண்ட்ரியல் நகரத்துல வாலஸ் லாம்பர்ட்ங்கிற மனோதத்துவ நிபுணரும் அவர் கூட்டாளிகளும் 1960ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. அந்த ஊர்ல ஆங்கிலம் பேசறவங்களும் உண்டு, பிரெஞ்சு பேசறவங்களும் உண்டு. வேலை, பணம், அதிகாரம் எல்லாம் ஆங்கிலக்காரங்க பக்கம். ரெண்டு மொழியும் தண்ணி பட்ட பாடாப் பேசற சிலரைக் கூப்பிட்டு, ஒரே விஷயத்தை ரெண்டு மொழியிலயும் படிக்க வெச்சுப் பதிவு பண்ணாங்க. அதைக் கலந்து போட்டு, மாணவர்களைக் கேட்க வெச்சாங்க. ‘இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர்? உயரமா, அழகா, புத்திசாலியா, நம்பலாமா?’ கேட்டவங்களுக்கு ஒரே ஆள்தான் ரெண்டு தடவை பேசறார்னு தெரியாது.

ஆங்கிலம் பேசற மாணவர்கள், ஆங்கிலக் குரலுக்கு மார்க்கை அள்ளிக் கொடுத்தாங்க. அது எதிர்பார்த்ததுதான். பிரெஞ்சு மாணவர்கள்? அவங்களும் ஆங்கிலக் குரலுக்குத்தான் தூக்கிக் கொடுத்தாங்க. தன் சொந்த பாஷை பேசின குரலை, அடுத்தவன் போட்டதைவிடக் கீழே போட்டாங்க. அதே ஆளு, அதே தொண்டை! பிரெஞ்சுல பேசினா குள்ளமாவும் மட்டமாவும் தெரியறார், ஆங்கிலத்துல பேசினா வளர்ந்துடறார்! காது சத்தத்தைக் கேட்கிறதில்ல. அந்தச் சத்தத்துக்குப் பின்னால எவ்வளவு பணமும் பவரும் இருக்குன்னு கேட்குது. கீழ இருக்கிறவனோட காதுக்கும் அதே டிரெயினிங்தான். ராமநாதபுரத்துப் பசங்க ஏன் சிரிச்சாங்கன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

இதை நீங்களே உங்க ரூம்ல செஞ்சு பார்க்கலாம். செலவு கிடையாது. மிமிக்ரி நல்லா வர்ற ஒரு ஃபிரெண்டைப் பிடிங்க. ‘நாளைக்கு மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துட்டுப் போங்க’ங்கிற மாதிரி சப்புன்னு ஒரு வாக்கியத்தை, டி.வி. நியூஸ் வாசிக்கிற தமிழ்ல ஒரு தடவை, வடசென்னைத் தமிழ்ல ஒரு தடவை, நடுநாட்டுத் தமிழ்ல ஒரு தடவை பேசச் சொல்லி போன்ல பதிவு பண்ணுங்க. பக்கத்து ரூம்காரங்களுக்குப் போட்டுக் காட்டி, ‘இதுல டாக்டர் யாரு, மெக்கானிக் யாரு, யாருகிட்ட பைக்கைக் கடன் கொடுப்பே?’ன்னு கேளுங்க. வர்ற பதிலைக் கேட்டு நீங்க சிரிக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன்.

சில இடங்கள்ல இந்தக் காதோட தீர்ப்பு சிரிப்போட நிக்கல. இலங்கையில 1983 ஜூலைக் கலவரத்தப்போ, தெருவுல நிறுத்தி, சிங்களத்துல வாளிக்குச் சொல்ற வார்த்தையைச் சொல்லச் சொன்னாங்க. உச்சரிப்புல தமிழ் வாடை அடிச்சா, அந்த ஆளு கதி அவ்வளவுதான். அங்கிருந்து தப்பிச்சு வந்தவங்ககிட்ட நாம எப்படி நடந்துக்கிட்டோம்? பாதிப் பேர் அவங்க தமிழைக் கேட்டுட்டு ‘நீங்க மலையாளியா?’ன்னு கேட்டோம். தமிழ் பேசினதுக்காக ஊரைவிட்டு ஓடிவந்தவங்களைத் தமிழ்நாட்டுல நின்னு கேட்கிற கேள்வியா அது? அப்புறம் ‘தெனாலி’ (2000) வந்துச்சு. அதுக்கப்புறம் மலையாளியான்னு கேட்கிறது குறைஞ்சு, ‘தெனாலி மாதிரி பேசுங்களேன்’னு கேட்கிறது கூடுச்சு. எது தேவலைன்னு எனக்குச் சொல்லத் தெரியல.

ஃபைனல் இயர் ஆளுங்களுக்கு இதெல்லாம் கேட்கப் பொறுமை இருக்காது. ‘இன்டர்வியூல என்ன பண்றது பாஸ், அதைச் சொல்லு!’ம்பீங்க. உண்மையைச் சொல்லிடறேன். வேலை கொடுக்கிறவங்க காதும் மாண்ட்ரியல் காதுதான். ‘நியூட்ரல் ஆக்சென்ட்’னு ஒண்ணு இருக்கிற மாதிரி கோச்சிங் சென்டர்ல காசு வாங்கிச் சொல்லிக் கொடுப்பாங்க. ஊரே இல்லாத உச்சரிப்பு உலகத்துல எங்கயும் கிடையாது. நாம ‘பொதுத் தமிழ்’னு நினைக்கிற பேச்சையே எடுத்துக்குங்க. ஹரால்டு ஷிஃப்மன்னு ஒரு அமெரிக்க அறிஞர் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதினார், 1999ல வந்துச்சு. சினிமாவும் ரேடியோவும் பரப்பின அந்தப் பொதுப் பேச்சு, தஞ்சாவூர், திருச்சி, மதுரைப் பக்கத்துப் படிச்சவங்க பேச்சுக்கு நெருக்கமானதுன்னு சொல்றார். அதுவும் ஒரு ஊர்ப் பேச்சுதான், கொஞ்சம் அதிர்ஷ்டம் செஞ்ச ஊர்!

கால் சென்டர் வேலைக்கு ஆக்சென்ட் டிரெயினிங் எடுத்த சீனியர்ங்க உங்களுக்குத் தெரிஞ்சிருப்பாங்க. வேலைக்குன்னு ஒரு பேச்சைக் கத்துக்கிறதுல தப்பே இல்ல. சட்டை மாத்திக்கிற மாதிரிதான் அது. தோலை மாத்திக்கச் சொல்றப்போதான் வம்பு. இப்போ அதையும் தாண்டிட்டாங்க. டெலிபெர்ஃபார்மன்ஸ்ங்கிற பெரிய கால் சென்டர் கம்பெனி, இந்திய ஊழியர்கள் பேசப் பேசவே அவங்க உச்சரிப்பை மாத்தி அந்தப் பக்கம் அனுப்புற மென்பொருளைப் பயன்படுத்தறதா 2025ல செய்தி வந்துச்சு. பேசறது நம்ம ஆளு, கேட்கிறது வேற யாரோட குரலோ. கஸ்டமர் திட்டுறது குறையுமாம். நல்லதுதான். ஆனா திட்டுற காதைத் திருத்த இதுவரைக்கும் ஒரு மென்பொருளும் வரல, கவனிச்சீங்களா?

சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. 1996 நவம்பர்ல இதே சிதம்பரத்துல ஒரு மருத்துவ மாணவர் ராகிங்ல கொல்லப்பட்டார். தமிழ்நாடே அதிர்ந்துச்சு. 1997ல ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்துச்சு. யு.ஜி.சி. 2009ல நாடு முழுக்க விதிமுறை கொண்டு வந்து, 2016ல அதுல ஒரு திருத்தம் செஞ்சுது. நிறம், சாதி, மதத்தோட, எந்தப் பகுதியில இருந்து வர்றோம், என்ன மொழி பேசறோம், எங்க பிறந்தோம்ங்கிறதை வெச்சு ஒரு மாணவரைச் சீண்டுறதும் ஒதுக்கறதும் ராகிங் கணக்குலதான் சேரும்னு அதுல தெளிவா இருக்கு. புகார் சொல்ல இலவச எண் 1800-180-5522. ‘சும்மா தமாஷுக்கு அவன் பேசற மாதிரி பேசினேன் சார்’ங்கிறது அங்க செல்லுபடியாகாது.

அதுக்காக இனிமே யாரும் யாரையும் கலாய்க்கக் கூடாதா? ஹாஸ்டல் ரூம்ல ஒருத்தன் கொங்குத் தமிழை மிமிக்ரி பண்ணி, கொங்குப் பையனே விழுந்து விழுந்து சிரிக்கிறதை நானும் பார்த்திருக்கேன். அந்தப் பையன் பதிலுக்கு மதுரைத் தமிழைப் பிரிச்சு மேய்வான். அது ஒரு கொடுக்கல் வாங்கல். அங்க யாருக்கும் நஷ்டமில்ல. நான் பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான். நீங்க மிமிக்ரி பண்ணி முடிச்சதுக்கப்புறம், அந்த ஆளு முன்னைவிட அதிகமாப் பேசறாரா, இல்ல பேச்சைக் குறைச்சுக்கிட்டாரா? குறைச்சுக்கிட்டார்னா, அடுத்த தடவை கிளாஸ்ல அவர் எழுந்து நிக்கும்போது கடைசி பெஞ்சுக் ‘கெக்கே’யை அமுக்கற வேலை உங்களோடது. லெக்சரர் பண்ணுவார்னு காத்திருக்காதீங்க. சில சமயம் முதல்ல சிரிக்கிறதே அவர்தான்.

அந்த ராமநாதபுரம் பொண்ணை விசாரிச்சேன். இப்போ ஒரு ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சர். நல்லா நடத்துறாளாம், பசங்களுக்கு அவன்னா உசிராம். கிளாஸ்ல ‘நியூட்டன் சொன்னார்’னுதான் வருமாம். ‘சொன்னாக’ எல்லாம் அம்மாகிட்ட போன்ல பேசும்போது மட்டும்தான். ஸ்டாஃப் ரூம்ல யாராவது இருந்தா, போனை எடுத்துக்கிட்டு வெளியில வேப்பமரத்தடிக்குப் போயிடுவாளாம்.